டி டிரைவ் எங்கே என்று கேட்டவள்

சனிக்கிழமைக் குழுவை இனி நடத்தப்போகிற பிள்ளைகளுக்கு,

லினக்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த பதிப்புகளில் பாதியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் தன் கணினியைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்து, மேசையில் வைத்து, "கொஞ்சம் பாருங்க" என்று சொல்லும்போது அவர் நம் கையில் தருவது கணினியை மட்டுமல்ல. அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு சனிக்கிழமையில் நடந்ததையும் அதன் பின்னால் வந்த நாட்களில் நடந்ததையும் சொல்கிறேன்.

சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் ராத்தா என்று கூப்பிடுகிற ரினோஸா, "என்ட பேரப் போட்டே சொல்லுங்க டீச்சர்" என்றாள். வெளிநாட்டில் இருக்கிற சப்ரிக்குத் தகவல் அனுப்பினேன். "ஒண்டையும் குறைக்காம சொல்லுங்க" என்று பதில் வந்தது.

அப்போது நான் சாய்ந்தமருதில் ஒரு சிறிய கணினி நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். கிழமை நாட்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும். சனிக்கிழமை மாடி அறை சும்மா கிடக்கும். அதைத் திறந்துவைத்தால் லினக்ஸ் பாவிக்கிற நாலு பேர் கூடியிருந்து கதைக்கலாமே என்றுதான் தொடங்கினேன். வெகுகாலம் அந்த நாலு பேர்தான் வந்தார்கள்.

பிறகு இலங்கையே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் வந்தது. ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காகக் கரண்டை வெட்டினார்கள், வெளிநாட்டிலிருந்து கணினி வருவதும் நின்றுபோனது. கடையில் மிச்சம் இருந்தவற்றின் விலையைக் கேட்டவர்கள் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளைகளின் படிப்பு, கடை வேலை, கட்டாரில் இருக்கிற புருஷனோடு கதைப்பது எல்லாமே அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்த பழைய மடிக்கணினிகளின் தலையில் வந்து விழுந்தன. அந்தக் கிழட்டு யந்திரங்களில் மூச்சு வாங்காமல் ஓடக்கூடியது லினக்ஸ்தான். செய்தி வாய்வழியே பரவியது. தலையணை உறைக்குள் போட்டும், உடுத்துகிற சாரத்தில் சுற்றியும், சைக்கிள் கரியரில் கட்டியும் ஆட்கள் கொண்டுவரத் தொடங்கினார்கள். மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது. மெய்யாகச் சொன்னால் அந்த வருடத்தின் கஷ்டங்களுக்கு நடுவே எனக்குச் சனிக்கிழமைகள் பெருநாள் மாதிரி இருந்தன.

கூட்டம் கூடியதும் ஒரு விதி வைத்தோம். நற்பிட்டிமுனையிலிருந்து வந்த வயல்காரர் ஒருவரால் வந்த விதி அது. திரையில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று கொண்டுவந்தார். எங்களில் ஒருவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, கண் மூடித் திறப்பதற்குள் சரிசெய்து கொடுத்தார். அடுத்த கிழமை அவர் அதே குறையோடு திரும்பி வந்து நின்றார். "தம்பி டக்கெண்டு செஞ்சி தந்தாரு. என்ன செஞ்சாரெண்டு எனக்குத் தெரியா. வீட்ட போனா புள்ளையள் பழையபடி ஆக்கிப்போட்டுதுகள்" என்றார். அவர் மறுபடி அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்ததற்குக் காரணம் நாங்கள்தான். அன்றிலிருந்து, வந்தவரின் கையிலிருந்து கீபோர்டை யாரும் வாங்கக் கூடாது என்றானது. நாம் சொல்ல வேண்டும், பொத்தானை அமத்துவது அவர். இந்த விதியில் எனக்குப் பெருமை அதிகம். அதுவே ஒரு நாள் நமக்கு ஒளிந்துகொள்ள இடம் காட்டும் என்று அப்போது நினைக்கவில்லை.

சப்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் படித்துவிட்டு வந்து, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தான். எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததைக் கூட்டினாலும் அவனுக்குத் தெரிந்ததில் பாதி வராது. ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. யாருடைய கணினி சரியாக இயங்கினாலும் அவனுடைய முகம்தான் முதலில் மலரும். ஆனால் நாக்கு கூர்மை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒன்றைக் கேட்டால் ஒரு இணைப்பைப் போட்டு, கீழே "வாசிங்க" என்று எழுதுவான். இரண்டாம் முறை கேட்டால், "வாசிக்கத் தெரியுமா?" என்பான்.

ரினோஸா கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தாள். போட்டோக் கொப்பி, டைப்பிங், விண்ணப்பம் நிரப்புவது என்று நாள் முழுக்க நிற்கிற வேலை. கடைக் கணினிக்கு லினக்ஸ் போட்டுக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்தாள். வந்தால் கேள்விதான். இந்தப் படம் ஏன் இங்கே இருக்கிறது, இதை மூடினால் உள்ளே இருப்பது எங்கே போகும், இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் குழுவில் சப்ரி எழுதினான்: "ரினோஸாட கேள்விக்கெண்டு தனியா ஒரு குரூப் தொடங்குவமா?" சிலர் சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு குழுவில் எதையும் எழுதவில்லை. நேரில் வருவதை மட்டும் விடவில்லை. நான் சப்ரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது, "பகிடிக்குத்தான் டீச்சர். அவங்களுக்கு விளங்கும்" என்றான். அவளுக்கு விளங்கியிருந்தது. அதுதான் பிரச்சினை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கல்முனையில் ஸ்டுடியோ வைத்திருந்த நஸீர் காக்கா, ஒரு ஓட்டோக்காரரிடம் கெஞ்சி மன்றாடித் தன் ஸ்டுடியோக் கணினியைக் கொண்டுவந்திருந்தார். பெரிய மேசைக் கணினி அது. வைரஸ் பிடித்து ஒவ்வொரு படத்தையும் திறக்க அரை மணித்தியாலம் எடுக்கிறது என்றார். லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னார். சப்ரி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பழகுவதற்காக ரினோஸாவும் மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அறையின் அடுத்த மூலையில் ஒரு பிள்ளையின் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கதைத்ததை அவர்கள் மூன்று பேரும் எனக்குப் பிறகு சொன்னார்கள். மூன்று பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

"பெக்கப் இரிக்கா காக்கா?" என்று சப்ரி கேட்டான்.

"ஓம் தம்பி. எல்லாத்தையும் டி-யில போட்டு வெச்சிரிக்கன்."

ரினோஸா கேட்டாள்: "டி எங்க இரிக்கி காக்கா? கடையிலயா, வீட்டயா?"

அவளுக்கு டி என்றால் என்னவென்று தெரியாது. கழற்றி எடுத்து வைக்கிற ஏதோ பொருள் என்று நினைத்திருக்கிறாள். தெரியாததால் கேட்டாள். நஸீர் காக்கா வாயைத் திறப்பதற்குள் சப்ரி குறுக்கிட்டான்.

"கேள்விய மறுகா கேளுங்க ரினோஸா. கரண்ட் போறத்துக்கு முன்ன முடிக்கோணும். காக்கா, முதலாவத எடுங்க. எடுத்து என்டர அமத்துங்க."

நஸீர் காக்கா சந்தோஷமாக அமத்தினார்.

டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லும் கட்டளை அது. திரையில் கோடு நகரத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் நான் பால் விடாத பிளேன்டியோடு அந்த மேசைக்கு வந்தேன். நஸீர் காக்கா கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "முடிஞ்சோடன டி-யத் திறந்து ஒரு கலியாணம் காட்டுறன் டீச்சர். மருதமுனையில எடுத்த. மாஷா அல்லாஹ், நல்லா வந்திரிக்கி."

சப்ரி அவர் பக்கம் திரும்பினான். "காக்கா, டி வெளிய கொழுவுற டிஸ்க்தானே?"

"இல்ல தம்பி. இதுக்குள்ளதான். சி-க்குப் பக்கத்தில."

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் நாளைக்கு உங்களிடம் வருகிறவருக்கு நீங்கள் விளக்க வேண்டிவரும். சி-யும் டி-யும் ஒரே அலுமாரியின் இரண்டு தட்டுகள். மேல்தட்டில் இருந்ததைக் கீழ்த்தட்டிலும் வைத்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நஸீர் காக்கா நம்பியிருந்தார். நாங்கள் அலுமாரியையே காலி செய்துகொண்டிருந்தோம்.

சப்ரியின் கை மௌஸுக்குப் போனது. நிறுத்துவதற்கான பொத்தானைத் தேடினான். பக்கத்தில் இருந்த ஒருவர், "இடையில நிப்பாட்டினா டிஸ்க் பழுதாகிப் போகும், முடியட்டும்" என்றார். இன்னொருவர் வேறு ஏதோ சொன்னார். நான் கோப்பைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கை இழுத்தேன். திரை கறுத்தது.

இதை நான் கெட்டித்தனம் என்று சொல்லவரவில்லை. எழுதப்படுகிற ஒவ்வொரு கணமும் யாரோ ஒருவரின் முகத்துக்கு மேலே எழுதப்படுகிறது என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. ஒழுங்காக நிறுத்துவது, சரியான முறை, யார் சொல்வது சரி என்பதெல்லாம் நேரம் இருக்கும்போது பேசுகிற பேச்சு. தகவல் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் எழுதுவதை நிற்பாட்டுங்கள். யோசிப்பது அதற்குப் பிறகு.

நஸீர் காக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன டீச்சர், கரண்ட் போயிட்டா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவரும் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க காக்கா" என்று சொல்லிவிட்டு எங்கள் ஆட்களை விறாந்தைக்குக் கூப்பிட்டேன். குழுவில் ஒருவர், நல்ல மனிதர், மெல்லச் சொன்னார்: "டிஸ்க் பழசெண்டு சொல்லுவம் டீச்சர். வைரசும் இரிந்த தானே. அவரும் நம்புவாரு." சப்ரி என்னைப் பார்க்காமலே சொன்னான்: "என்டர அமத்தினது அவர்தானே டீச்சர்."

எங்கள் விதி அது. வந்தவர்தான் அமத்த வேண்டும். விதிப்படிதான் எல்லாம் நடந்திருந்தது.

"கை அவருடைய கை. முடிவு நம்முடைய முடிவு. அவர் நம்மட வாயப் பார்த்துத்தான் அமத்தினாரு" என்றேன். சப்ரி தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டுவதற்கு அது நேரமில்லை. திட்டவும் எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் வருகிற வார்த்தைகளை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது. அந்த வார்த்தைக்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

உள்ளே போய் நஸீர் காக்காவுக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "காக்கா, உங்கட படங்கள் இருந்த இடத்த நாங்க அழிச்சிட்டம். டி-யும் சி-யும் ஒரே டிஸ்க்கில இருக்கெண்டத நாங்க கேட்டுத் தெரிஞ்சிருக்க வேணும். கேக்கல்ல. பிழை எங்கட. கொஞ்சம் திருப்பி எடுக்கலாம், எவ்வளவெண்டு இப்ப சொல்லத் தெரியாது" என்றேன்.

அவர் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

"கமெராக் கார்ட் எல்லாம் அடுத்த வேலைக்கு அழிச்சாச்சு டீச்சர்" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மருதமுனக் கலியாணம்... பொண்ணுட வாப்பா கலியாணம் முடிஞ்சி அடுத்த கிழமையே மௌத்தாகிட்டாரு. ஆல்பத்த எப்ப தாறீங்க எப்ப தாறீங்கெண்டு அந்தப் புள்ளட உம்மா கேட்டுக்கிட்டு இரிக்கா. நான் என்னத்தச் சொல்ற?"

அப்போது சப்ரி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "காக்கா, செஞ்சது நான். அவங்க கேட்டாங்க, டி எங்கயெண்டு. நான்தான் கேக்க விடல்ல. எனக்கு உங்கட 'ஓம்' மட்டும்தான் காதில விழுந்திச்சு" என்றான். நஸீர் காக்கா அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இரி தம்பி" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது.

மின்விசிறி நின்றுபோன அந்த அறையில் இருந்துதான் திட்டம் போட்டோம். டிஸ்க்கைக் கழற்றி, அதன் முழுப் பிரதியை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, பிரதியில் மட்டும் தேடுவது. மூலத்தை மறுபடி தொடவே கூடாது. அதற்கு இன்னும் பெரிய டிஸ்க் ஒன்று வேண்டும். அந்த வருடத்தில் பெரிய டிஸ்க்குக்கு எங்கே போவது? காரைதீவில் கண்காணிப்புக் கமெரா பொருத்துகிற தவராசாவை எனக்குத் தெரியும். எங்கள் நிலையத்தில் கமெரா பூட்டியவர் அவர்தான். அழைத்து நடந்ததைச் சொன்னேன். "கமெராப் பெட்டியில போடுற டிஸ்க் ஒண்டு இருக்குது டீச்சர். ஆள் ஒருவர் கேட்டு வெச்சது. அவர் கமெராவ அடுத்த மாதம் பூட்டலாம்" என்றார். வெயிலில் சைக்கிள் மிதித்து அவரே கொண்டுவந்து தந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிரதி எடுக்கிற வேலையைச் சப்ரி செய்தான். கரண்ட் போகப் போக, விட்ட இடத்திலிருந்து தொடங்கித் தொடங்கி எடுத்தான். அதன் விபரம் உங்களுக்குத் தெரியும், விடுகிறேன். முடிவில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் சேர்ந்தே வந்தன. படங்களில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. ஆனால் பெயர்கள் இருந்த இடத்தின் மேல் புது எழுத்து விழுந்துவிட்டது. எந்தப் படம் எந்தக் கலியாணம், எது பிறந்தநாள், எது பாஸ்போர்ட் படம் என்று தெரியாமல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

சப்ரி முதல் படத்தைத் திறக்கப் போனான். நஸீர் காக்கா அவன் தோளில் கை வைத்தார். "திறக்காத தம்பி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கலியாண வீட்டில் ஆண்கள் பக்கத்தை அவர் எடுப்பார். பெண்கள் பக்கத்தை எடுப்பது அவருடைய மனைவி பரீதா ராத்தா. பொண்ணும் தோழிகளும் வீட்டுப் பெண்களும் பர்தா இல்லாமல் இருக்கிற படங்கள் அவை. அவருடைய கடையிலேயே அந்தப் படங்களைப் பரீதா ராத்தாதான் திறப்பார். இப்போது இரு பக்கமும் கலந்துபோய்விட்டன. எந்தப் படத்தைத் திறந்தால் யாருடைய முகம் வரும் என்று தெரியாது. அறையில் இருந்த ஆண்களில் எவரும் அந்தக் குவியலைத் தொட முடியாது.

அப்படியென்றால் பரீதா ராத்தா, நான், ரினோஸா. பிரிக்கிறதற்கு நாங்கள் மூவர் போதும். ஆனால் படங்களைக் கட்டளை கொடுத்துத் திகதி வாரியாகப் பிரிப்பது, உடைந்தவற்றை ஒதுக்குவது, ஒன்று இரண்டாகிக் கிடப்பதை நீக்குவது எல்லாம் சப்ரிக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது பாதி. அவனால் திரையைப் பார்க்க முடியாது.

அடுத்த நாள் சப்ரி ஒரு கதிரையை விறாந்தையில் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே கீபோர்டில் ரினோஸா. பக்கத்தில் பரீதா ராத்தா. நான் இரண்டுக்கும் நடுவே, வாசலில்.

தொடக்கம் மோசமாக இருந்தது.

"டெர்மினலத் திறங்க" என்றான்.

"திறந்தாச்சு."

"அந்த டைரக்டரிக்குப் போங்க."

ரினோஸா என்னைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டாள். நான் வாசலில் நின்று, "சப்ரி, அவ கேக்க மாட்டா. கேட்டா என்ன நடக்குமெண்டு அவவுக்குத் தெரியும்" என்றேன்.

வெளியே கதிரை ஒருமுறை கிரீச்சிட்டது.

"ரினோஸா," என்றான், சுவரைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்டும் தெரியிதில்ல. உங்கட கண்ணாலதான் நான் பாக்கோணும். நீங்க கேக்காட்டி நான் குருடன். இப்ப திரையில என்ன எழுதியிரிக்கி? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

அவள் வாசித்தாள். அவன் கேட்டுவிட்டு, ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னான். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். "அப்ப இத மூடினா உள்ளுக்கு இருக்கிறதும் போகுமா?" என்று கேட்டாள். "போகாது. நல்ல கேள்வி. ஏன் போகாதெண்டா..." என்று தொடங்கினான். நான் மெதுவாக வாசலை விட்டு விலகி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு நடுவே ஓர் ஆள் தேவைப்படவில்லை.

ஒரு கிழமைக்கு மேல் இப்படி நடந்தது. அவள் கடை முடிந்து வருவாள். அவன் அதற்குள் அசர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்திருப்பான். திரையைப் பார்க்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததால் அவனுக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் வார்த்தையில் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. சில இடங்களில் அவனுக்கே வார்த்தை கிடைக்கவில்லை. "இது எப்பிடியெண்டா... பொறுங்க, யோசிச்சுச் சொல்றன்" என்பான். அந்தப் "பொறுங்க, யோசிச்சுச் சொல்றன்" என்பதை அதற்கு முன் சப்ரியின் வாயில் நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவனுக்கு வேலை இருந்து வர முடியவில்லை. அன்று ரினோஸா அவன் சொல்லிக்கொடுத்தபடி தனியாகவே எல்லாவற்றையும் ஓட்டினாள். எங்கேயும் தடுமாறவில்லை.

பரீதா ராத்தா சாரியின் நிறத்தையும் மேடை அலங்காரத்தையும் வைத்தே கலியாணங்களைப் பிரித்தார். "இது சாய்ந்தமருது. இது மருதமுனை. இந்தப் புள்ள கண்ண மூடிட்டா, மூணு தரம் எடுத்த, மூணு தரமும் மூடிட்டா" என்று அவர் சொல்லிக்கொண்டு போக, ரினோஸா ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் போட்டாள். ஆண்கள் பக்கத்துப் படங்கள் சேரச் சேர அவற்றை மட்டும் நஸீர் காக்காவுக்கு அனுப்பினோம்.

எல்லாம் கிடைக்கவில்லை. இரண்டு கலியாணங்களின் வீடியோ மீட்க முடியாமல் போனது. நஸீர் காக்கா அந்த வீடுகளுக்குப் போனபோது சப்ரியும் கூடப் போனான். வேண்டாம் என்று காக்கா சொல்லியும் போனான். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரு வீட்டில் ஏசினார்களாம். மற்ற வீட்டில் சோறு போட்டார்களாம்.

மருதமுனைக் கலியாணம் கிட்டத்தட்ட முழுவதாகக் கிடைத்தது.

இதற்குப் பிறகு குழுவில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். கீபோர்ட் விதியை நாங்கள் விடவில்லை. கூடவே ஒன்றைச் சேர்த்தோம்: யார் என்ன கேட்டாலும் அதற்குப் பதில் வரும்வரை அந்த மேசையில் வேலை நகரக் கூடாது. இதை நட்புக்காக மட்டும் வைத்த விதி என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அன்பாக நடப்பது நல்லதுதான், ஆனால் காரணம் அது மட்டுமில்லை. தெரிந்தவர்களின் கண் பழகின இடத்தைத் தாண்டிப் போய்விடும். தெரியாதவர் ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிடுவார். அவர் நிற்கிற இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் குழி இருக்கும். ஒருவரைச் சிரித்து வாயடைத்துவிட்டால் அடுத்த குழியை நமக்குக் காட்ட ஆள் இருக்காது.

குழுவின் வட்ஸ்அப்பில் சப்ரி தன் பழைய பகிடிக்கு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டான். ரினோஸா ஒரு பெருவிரலை மட்டும் பதிலாகப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே ஒரு கேள்வி வந்தது. அன்று நான் வீட்டில் தனியாக இருந்து சிரித்தேன்.

கடைசியாக மருதமுனை உம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆல்பத்துக்குப் படம் தெரிவுசெய்வதற்காக அவர் மகளோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். பரீதா ராத்தா என்னையும் வரச் சொல்லியிருந்தார். புருஷன் மௌத்தான பிறகு வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்து அவர் வெளியே வந்து அதிக நாள் ஆகவில்லை. மெலிந்த பெண்மணி, குறைவாகவே பேசினார். பரீதா ராத்தா ஆண்கள் பக்கத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வாப்பா நிற்கிற படம் வந்தது. தொப்பி, வெள்ளைச் சேட், கையை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றார். நல்ல படம். உம்மா பார்த்தார், தலையசைத்தார், "இதப் போடுங்க" என்றார்.

அப்போது இன்னொரு படம் வந்தது. கலியாணக் காலையில், சமையல் செய்கிற இடத்தில், கூடியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டுகளுக்கு இறைச்சி வைக்கிறவர்களோடு நின்று வாப்பா எதையோ வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். படம் ஆடிப்போயிருந்தது. ஒரு கை தெளிவில்லை. பனியன் தோளில் நழுவியிருந்தது.

கதவோரத்தில் நின்ற நஸீர் காக்கா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இது எங்கால வந்த டீச்சர்? நீங்க அனுப்பினதுக்குள்ள நான் கவனிக்கல்ல. இது நான் அண்டைக்கே அழிச்ச படம். கமெராவ சரிபாக்க எடுத்த. கணினியில போட்டுப் பாத்து, ஆடிப்போச்செண்டு அழிச்சிட்டன்."

எனக்கு விளங்கியது. எங்கள் தேடல், நாங்கள் அழித்ததை மட்டும் தேடவில்லை. அந்த டிஸ்க்கில் எப்போதோ வேண்டாம் என்று வீசப்பட்டவற்றையும் சேர்த்துத்தான் தோண்டி எடுத்திருக்கிறது. அவருடைய ஒழுங்கான கடையில், எங்கள் பிழை நடக்காமல் இருந்திருந்தால், அந்தப் படம் ஒருபோதும் இந்தத் திரைக்கு வந்திருக்காது.

பரீதா ராத்தா அடுத்த படத்துக்குப் போகக் கையை வைத்தார். அந்த உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கனநேரம் பார்த்தார். மகள் தோளைத் தொட்டபோதும் திரும்பவில்லை.

"மற்றதில எல்லாம் ஆரோ ஒருவர் நிக்கிறாரு," என்றார். "இதில இரிக்கிறதுதான் எங்கட ஆள். இதப் பெருசாப் போட்டுத் தாங்க."